மழை வந்தால் பொரியும் பெட்டி

முதலில் தகரக் கூரையில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்து யாரோ ஒரு கை மணலை அள்ளி வீசியதுபோல் ஒரு சத்தம். அதற்குப் பிறகு மழை.

செல்லம்மா அக்காவின் சாப்பாட்டுக் கடையில் அப்போது ஏழெட்டுப் பேர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோர அலமாரியில் நான் செய்த பெட்டியின் வழியாக நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானத்திலிருந்தே ஓடுகிறது. ஒரு குறையும் இல்லை. நான் ரசம் ஊற்றும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, காதை மட்டும் அலமாரியில் வைத்திருந்தேன்.

மழை வலுத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பெட்டிக்குள் யாரோ கடுகு தாளித்தார்கள்.

படபடவென்று பொரிந்தது. நாதஸ்வரம் அந்தப் பொரியலுக்குள் மூழ்கி, எழுந்து, மறுபடியும் மூழ்கியது. பிறகு ‘டம்’ என்று ஓர் அடி. பெட்டியோடு இணைத்திருந்த ரேடியோவின் ஸ்பீக்கர் துணி முன்னால் உப்பிப் பின்னால் ஒட்டியது. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

“என்ன தம்பி, உன் பெட்டி வடை சுடுதா?” என்றார் ஜமால் பாய். சிங்கப்பூரின் சுங்கை ரோடு சந்தையில் பழைய சாமான் கடை போட்டிருந்த நாகூர்க்காரர். அவர் அங்கே சாப்பிடமாட்டார். டீ குடிக்கவும் எங்களை வம்புக்கு இழுக்கவும் வருவார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் மத்தியானம் அந்தப் பெட்டியைக் கேட்க லிம் தவுக்கே வருவதாக இருந்தது.

மூட்டை தூக்கியவனின் ஆசை

போன வாரம் இந்தத் தொடரை, தெம்பனிஸ் மணல் குழியில் லாரி கவிழ்ந்து என் காலில் அடிபட்ட இடத்தில் நிறுத்தியிருந்தேன். கால் ஆறியதா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஆறிவிட்டது அம்மா. இடது கட்டைவிரல் மட்டும் குளிர் நாளில் முனகும்.

கால் ஆறியதும் மணல் வேலைக்குத் திரும்பவில்லை. தஞ்சோங் பகாரில் கப்பல் சாமான் இறக்கினேன். அங்கே தூசியில் இருமல் வந்தது. ஒரு சலவைக் கடையில் இருந்தேன். அங்கே முதலாளியோடு ஒத்துவரவில்லை. ஓர் இடத்தில் ஆறு மாதம் தாண்டினால் எனக்குக் கால் அரிக்கும். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தில் என்னைப் பிடித்து வைக்க முடியாமல் போனதும் அதே அரிப்பினால்தான்.

அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் ஜாலான் புசாரில் லிம் தவுக்கேயின் ரேடியோ ரிப்பேர் கடையில் சுமை தூக்கும் வேலை கிடைத்தது. தவுக்கே என்றால் முதலாளி. அறுபதுகளின் ஆரம்பம் அது. எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். மழைக்காலம் என்பது மட்டும் உறுதி.

அந்தக் காலத்து ரேடியோ இன்றைக்கு இருப்பதுபோல் சட்டைப் பையில் அடங்கும் சாமான் இல்லை. கனத்த மரப்பெட்டி, உள்ளே கண்ணாடி வால்வுகள். வீடுகளிலிருந்து அதைத் தூக்கி வருவதும், சரிசெய்த பிறகு மாடி ஏறிக் கொண்டுபோய் வைப்பதும் என் வேலை. மேல்சட்டை கிடையாது, பனியனும் தோளில் ஒரு துண்டும்தான்.

கடைக்குள் ஒரு நீள மேசை. அதற்கு முன்னால் இரண்டு ஸ்டூல். ஒன்றில் லிம் உட்காருவார். இன்னொன்றில் ஓர் ஆள் உட்கார்ந்து ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். ரேடியோவை இறக்கி வைத்த பிறகு அந்த மேசையைவிட்டு நகர எனக்கு மனசே வராது. ஈயம் உருகிக் குங்கிலியப் புகை எழும். செத்துக் கிடந்த பெட்டி மெதுவாக முனகத் தொடங்கும். அந்த முனகலைக் கேட்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் இடத்தைவிட்டுப் போகவேண்டும் என்று தோன்றவில்லை.

குப்பையில் போட்ட துண்டுக் கம்பிகளைப் பொறுக்கி ஈயம் பற்றவைத்துப் பழகினேன். லிம் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். ஒருநாள் ஈயம் உருக்கும் சூட்டுக்கோலின் முனை தேய்ந்ததும் அதை என் பக்கம் வீசிவிட்டு, “எடுத்துக்கோ” என்றார். அவரும் நானும் பேசுவது பசார் மலாய் என்ற கடைத்தெரு மலாயில். இங்கே நான் தமிழில் எழுதுகிறேன்.

அந்த இரண்டாவது ஆள் திடீரென்று சொந்தக் கடை வைக்கப் போய்விட்டான். ஸ்டூல் காலியானது. ஈப்போவிலிருந்து ஒருவன் வரப்போவதாகப் பேச்சு. சான்றிதழ் வைத்திருப்பவனாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நான் உட்காரட்டுமா தவுக்கே?” என்று கேட்டுவிட்டேன்.

லிம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நீயா? நீ இதுவரை எதையாவது முடிச்சிருக்கியா? ஒரு வேலை? ஒரு வகுப்பு?”

இல்லை என்றேன்.

“ஒண்ணு செஞ்சு முடி. உன் கையால. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து கேக்குறேன். நல்லா இருந்தா ஸ்டூல் உனக்கு. இல்லன்னா திங்கக்கிழமை ஈப்போ ஆளுக்குத் தந்தி குடுத்துருவேன்.”

செய்வதற்கு என்னிடம் ஏற்கெனவே ஒரு சாமான் பாதியில் கிடந்தது.

எறும்பு வாசித்த நாதஸ்வரம்

செல்லம்மா அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். தேக்காவில், எருமை ரோட்டுப் பக்கம், அவருடைய சாப்பாட்டுக் கடையின் பின்னறையில்தான் நான் படுத்திருந்தேன். கணவர் துறைமுகத்தில் இறந்த பிறகு கரண்டியைக் கையில் எடுத்தவர். நாற்பது வயதிருக்கும். குரல் சிராங்கூன் ரோட்டின் எதிர்வாடை வரைக்கும் கேட்கும். நாதஸ்வரம் என்றால் அடுப்பில் இருப்பதை மறந்துவிடுவார். ஒருமுறை கோயிலில் மல்லாரி கேட்டுக்கொண்டு நின்றதில் கடையில் மீன் குழம்பு கரியாகிப் போனது.

செலித்தார் விமானத் தளத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் ஊருக்குக் கிளம்பும்போது தன் ரெக்கார்ட் பிளேயரை விற்றான். அக்கா வாங்கிவிட்டார். சென்னையிலிருந்து வந்த கப்பல்காரர் ஒருவர் வழியாக ஒரு பெரிய நாதஸ்வர இசைத்தட்டும் வந்து சேர்ந்தது.

கடையில் பெரிய ரேடியோ இருந்தது. அதன் பின்னால் ரெக்கார்ட் பிளேயரைச் செருகும் துளையும் இருந்தது. செருகினோம். தட்டு சுற்றியது. ஊசியை வைத்தோம். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

ஒன்றும் வரவில்லை. குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு, ஸ்பீக்கரில் காதை ஒட்டினால், எங்கோ ஓர் எறும்பு நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது. அந்த எறும்புக்கும் சளி பிடித்திருந்தது.

“வெள்ளக்காரன் ஏமாத்திட்டான் தங்கச்சி” என்றார் ஜமால் பாய்.

ஏமாற்றவில்லை. அது காந்தம் வைத்த ஊசித்தலை. சாதாரண ஊசித்தலையைவிட மிக நுணுக்கமாகக் கேட்கும், ஆனால் கொடுக்கும் சத்தம் துளிதான். அதை வளர்த்து ரேடியோவிடம் ஒப்படைக்க நடுவில் ஒரு பெட்டி வேண்டும். ப்ரீ-ஆம்ப் என்பார்கள். நாங்கள் குட்டிப்பெட்டி என்றோம்.

அது சத்தத்தை வளர்த்தால் மட்டும் போதாது. இசைத்தட்டில் தவிலின் கனத்த அடியை அப்படியே வெட்டினால், ஊசி ஓடும் கோடு பக்கத்துக் கோட்டை இடித்துவிடும். அதனால் கனத்த சத்தத்தைக் குறைத்தும், கூர்மையான சத்தத்தைக் கூட்டியும் வெட்டுவார்கள். வாசிக்கும்போது குட்டிப்பெட்டி அதைத் தலைகீழாகத் திருப்பவேண்டும். குறைத்ததைக் கூட்டி, கூட்டியதைக் குறைத்து. லிம் ஒரு வாடிக்கையாளரிடம் விளக்கியதைக் கேட்டு இது எனக்குத் தெரிய வந்த அன்று நான் ஜாலான் புசார் முழுக்கத் தனியாகப் பேசிக்கொண்டு நடந்தேன். என்ன மூளைடா! வேண்டுமென்றே கெடுத்து அனுப்பி, வீட்டுக்கு வந்த பிறகு சரிசெய்துகொள்வது!

பிஸ்கட் டின்னுக்குள் ஒரு வால்வு

லிம் கடையில் பழைய ஆங்கிலப் பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. ஒன்றில் இந்தப் பெட்டியின் படம் இருந்தது. ஆங்கில எழுத்து எனக்குப் படிக்க வராது. படம் வரும். வட்டம் என்றால் வால்வு. மலைத்தொடர்போல் மடிந்த கோடு என்றால் ரெசிஸ்டர். ஒன்றையொன்று தொடாத இரண்டு கோடு என்றால் கண்டென்ஸர். எண்ணும் வரும். அதற்குமேல் என்ன வேண்டும்?

சாமான் எல்லாம் சுங்கை ரோடு சந்தையில். பட்டாளம் கழித்துக் கட்டிய ஒயர்லெஸ் பெட்டிகளை ஜமால் பாய் தரையில் விரித்து வைத்திருப்பார். வால்வுகளைப் பழைய செய்தித்தாளில் முட்டைபோல் சுற்றி வைத்திருப்பார்.

“இது வேலை செய்யுமா பாய்?”

“தம்பி, சிங்கப்பூரையே வேலை செய்ய வச்ச வால்வுலா இது. உன் பிஸ்கட் டின்ன வேலை செய்ய வைக்காதா?” ‘லா’ எங்கள் ஊர்ப் பேச்சின் வால்.

டின் உண்மைதான். சத்தம் வளர்க்கும் பெட்டிக்கு இரும்புக் கவசம் வேண்டும், இல்லாவிட்டால் தெருவில் ஓடும் மின்சாரமெல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். சதுர பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து, ஆணியால் ஓட்டை போட்டு, வால்வைத் தலை நீட்டிக்கொண்டிருக்கும்படி பொருத்தினேன். உள்ளே டின்னின் சுவரை ஒட்டி ஒரு பழுப்பு நிறப் பலகையைச் செங்குத்தாக நிறுத்தினேன். விரல் நீளப் பலகை, இரு ஓரமும் பித்தளைக் காதுகள். அந்தக் காதுகளில்தான் ரெசிஸ்டர், கண்டென்ஸர் எல்லாம் பற்றவைப்பது.

முதல் தடவை மின்சாரம் கொடுத்தபோது வால்வுக்குள் செம்மஞ்சளாக ஒரு பொட்டு எரிந்தது. அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்துக்கொண்டே கையை வைக்கக்கூடாத இடத்தில் வைத்தேன். பின்னறைச் சுவர்வரை போய் விழுந்தேன். எழுந்து, கை இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி உட்கார்ந்தேன். அன்றிலிருந்து ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் தொடுவேன்.

ஊசியை வைத்தேன். எறும்பு யானை ஆகிவிட்டது! நாதஸ்வரம் கடையை நிரப்பியது. ஆனால் கூடவே ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம்.

“ஓம்காரம் கேக்குதுடா. உண்டியல் வச்சிரலாமா?” என்றார் சாப்பிட வந்த ஒருவர்.

மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மரையும் அதே டின்னுக்குள் வைத்திருந்தேன். அதைக் கையால் திருப்பினேன். ரீங்காரம் குறைந்தது. இன்னும் திருப்பினேன், கூடியது. ஆகா! சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது! டிரான்ஸ்பார்மரைக் கழற்றி வேறொரு டின்னில் போட்டு, ஒரு முழம் தள்ளி வைத்தேன். வால்வைச் சூடாக்கும் இரண்டு கம்பிகளையும் சடைபோல் முறுக்கினேன். எர்த் கம்பிகள் எல்லாவற்றையும் ஒரே திருகில் சேர்த்தேன். ரீங்காரம் போயே போய்விட்டது. வியாழக்கிழமை அது. நான் துண்டைச் சுழற்றிக்கொண்டு அடுப்படியில் ஆடினேன். அக்கா கரண்டியால் முதுகில் ஒன்று வைத்து, “குழம்புல விழுந்துறாதடா” என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் நல்ல வெயில். கடையில் கூடியிருந்தவர்களுக்காக முழுத்தட்டையும் போட்டேன். ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் நான் முதலில் சொன்ன மழை.

வெயிலில் ஒளிந்துகொண்ட கோளாறு

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் மாற்றினேன். பாயிடம் வாங்கிய இன்னொரு வால்வைப் போட்டேன். பொரிந்தது. சந்தேகமான பற்றவைப்புகளை மறுபடி உருக்கினேன். பொரிந்தது. ஒழுகும் என்று பெயரெடுத்த கண்டென்ஸரைத் தூக்கிவிட்டு வேறொன்று போட்டேன். அதுவும் பொரிந்தது. கம்பியை ஆட்டினால் மாற்றமில்லை, தட்டினால் மாற்றமில்லை. அதன் இஷ்டத்துக்குப் பொரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. பெட்டியைப் போட்டேன். சுத்தமாகப் பாடியது.

நான் பயந்தது அப்போதுதான். கெட்டுக் கிடக்கும் சாமானைச் சரிசெய்துவிடலாம். நல்லபடி ஓடிக்கொண்டிருப்பதில் எதைச் சரிசெய்வது? லிம் வரும்போது வெயில் அடித்தால் தப்பித்தேன். மேகம் கூடினால் ஈப்போ ஆளுக்குத் தந்தி.

“அதான் நல்லாப் பாடுதே? பேசாம வுடுடா” என்றார் அக்கா.

“மழை வந்தா?”

“வந்தா குடை பிடிப்போம்.”

டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு முறைத்தேன். மழைக்கும் பெட்டிக்கும் என்ன பகை? உள்ளே ஒரு சொட்டும் விழவில்லை. விழுவதற்கு ஓட்டையும் இல்லை. ஈரக்காற்று மட்டும்தான். ஈரக்காற்று எனக்கு எங்கே கிடைக்கும்?

வாய்க்குள் இருக்கிறது!

இசைத்தட்டை எடுத்துவிட்டு ரேடியோவின் குமிழைக் கூட்டினேன். டின்னுக்குள் குனிந்து, கண்ணாடி துடைக்க ஊதுவதுபோல் ‘ஹா’ என்று ஊதினேன். வால்வு அடியில் ஊதினேன். அமைதி. ஊசிக் கம்பி செருகும் இடத்தில் ஊதினேன். அமைதி. பலகையின் முன்பக்கம் முழுக்க ஊதினேன். அமைதி. பலகைக்கும் டின் சுவருக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் ஊதினேன்.

படபடபடபட!

“அக்கா! கிடைச்சிருச்சு! கிடைச்சிருச்சு!”

“என்னடா கிடைச்சுச்சு? உன் மூச்சு நின்னுருச்சோன்னு நான் பயந்துட்டேன்.”

மறுபடி ஊதினேன். மறுபடி பொரிந்தது. அடங்கட்டும் என்று காத்திருந்து ஊதினேன். கூப்பிட்ட குரலுக்கு வருகிறது! அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத்தில் வைக்க எனக்குத் தெரியவில்லை. என்ன கோளாறு என்று இன்னும் தெரியாது. ஆனால் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

மின்சாரத்தைப் பிடுங்கி, கண்டென்ஸர்கள் சேர்த்து வைத்திருக்கும் மின்சாரமும் வடியக் கொஞ்சம் பொறுத்து, சவரக் கண்ணாடியைச் சந்துக்குள் நுழைத்துப் பலகையின் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

பழுப்புப் பலகையின் முதுகில், ஒரு பித்தளைக் காதிலிருந்து அடுத்த காதுவரைக்கும், அழகாக, நேராக, மூன்று வெள்ளைக் கோடுகள்.

திருநீறு.

“வெளியில பூசினா துடைச்சிருவ”

“அக்கா.”

“என்னடா?”

“பெட்டிக்குத் திருநீறு பூசினீங்களா?”

“வெள்ளிக்கிழமை பூசினேன். நீ வேலைக்குப் போயிருந்த. புதுச் சாமான்டா! பூசாம எப்படி?” கையைத் துடைத்துக்கொண்டு பெருமையோடு வந்தார். “வெளியில பூசினா நீ துண்டால துடைச்சிருவ. அதான் உள்ள, யாரு கண்ணும் படாம, பின்பக்கமாப் பாத்து, தண்ணியில குழைச்சு, ஈர்க்குச்சிய உள்ள விட்டு நல்லாப் பூசிவிட்டேன். எப்படி நிக்குது பாரு!”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தப் பலகையில் ஒரு காதில் ஆளைச் சுவரில் அடிக்கும் மின்சாரம். பக்கத்துக் காதிலிருந்து, வால்வு சத்தத்தை வாங்கிக்கொள்ளும் இடத்துக்குக் கம்பி போகிறது, அங்கே ஒரு துளி வந்தாலும் வால்வு அதைப் பெரிதாக்கிக் கத்தும். இரண்டுக்கும் நடுவில் காய்ந்த பலகை இருக்கும்வரை ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்போல் இருப்பார்கள். சாம்பலில் உப்பு உண்டு. உப்பு ஈரக்காற்றைக் குடிக்கும். வெயிலில் காய்ந்து சும்மா கிடந்த கோடுகள், மழை வந்ததும் ஈரம் குடித்துப் பாலம் ஆகிவிட்டன. மூன்று பாலம்!

எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். அக்காவின் முகம் மாறியது.

“அப்ப அழிக்கணும்ங்கிறியா?”

“அழிச்சுத்தான் ஆகணும்.”

“இன்னைக்கா? அந்த ஆளு வர்ற நாளுலயா? திருநீறை அழிச்சிட்டு ஒரு காரியத்துல இறங்கினா வெளங்குமாடா?” கோபம் இல்லை, நிஜமான பயம். அவர் கணவர் கடைசியாக வேலைக்குப் போன காலையில், அவசரத்தில் நெற்றியில் ஒன்றும் இல்லாமல் போனார் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

நான் டின்னை ஓரமாகத் தள்ளிவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

“பெட்டிக்கு வேண்டாம் அக்கா. ஸ்டூல்ல உக்காரப் போறவன் நான்தானே? எனக்குப் பூசுங்க. எவ்வளவு வேணும்னாலும் பூசுங்க.”

முறைத்தார். பிறகு உள்ளே போய்ச் சம்புடத்தோடு வந்தார். நெற்றி, கழுத்து, தோள், முழங்கை என்று ஓர் இடம் விடவில்லை. பூசி முடித்துவிட்டு, ஸ்டவ் பற்றவைக்கும் ஸ்பிரிட் பாட்டிலை அவரே எடுத்துக் கொடுத்தார்.

பலகையைக் கழற்றினேன். ஈரத்துணியால் ஒருமுறை. ஸ்பிரிட்டும் பல் துலக்கும் பிரஷும் போட்டு மூன்று முறை. அக்கா அடுப்பருகே விசிறியோடு உட்கார்ந்து அதைக் காயவைத்தார். விசிறும்போது முணுமுணுவென்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சாமியிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார்.

திரும்பப் பொருத்தினேன். சந்துக்குள் ஊதினேன். அமைதி. தலை சுற்றும்வரை ஊதினேன். அமைதி!

சோற்றுப் பானை

லிம் வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டு வந்தார். கடையே சுவரோரம் ஒதுங்கி நின்றது. என் உடம்பில் இருந்த சாம்பலை மேலும் கீழும் பார்த்தார்.

தட்டைப் போட்டேன். லிம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு பக்கம் முழுவதும் கேட்டார். ஊசியைத் தூக்கச் சொல்லிவிட்டு, குமிழைக் கூட்டி, சத்தம் இல்லாததையும் கேட்டார். டின்னைத் திறந்து பார்த்தார். முறுக்கிய கம்பியை விரலால் தொட்டார்.

“பாகுஸ்” என்றார். நல்லது என்று அர்த்தம். எனக்குத் தரையில் கால் இல்லை.

உடனே கேட்டார். “என்ன கோளாறு வந்துச்சு?”

“கோளாறா?”

“கையால செஞ்ச பெட்டி கோளாறு இல்லாம வராது. இல்லன்னு சொன்னா நீ பொய் சொல்ற, இல்ல உனக்குக் கேக்கல. ரெண்டும் என் மேசைக்கு ஆகாது.”

ரீங்காரத்தைச் சொன்னேன், டிரான்ஸ்பார்மரைத் தள்ளி வைத்ததைச் சொன்னேன். “அப்புறம் மழையில பொரிஞ்சுது. பலகைக்குப் பின்னால ஈரம் ஏறியிருந்துச்சு. துடைச்சிட்டேன்” என்றேன்.

“மூடின டின்னுக்குள்ள ஈரம் எப்படி ஏறும்? பலகை தானா ஈரம் குடிக்காது. என்ன இருந்துச்சு அங்க?”

கடை முழுக்க ஆள். ஜமால் பாய் டீ கிளாஸை உதட்டில் வைத்தபடி நிற்கிறார். சொன்னால் அக்காவை வருஷக்கணக்கில் கிண்டல் செய்வார்கள். சொல்லாவிட்டால் ஸ்டூல் போய்விடும். லிம் தொப்பியை எடுத்தார்.

“நான்தான்!” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. அக்கா முன்னால் வந்து நின்றார். மலாயில் வேகமாகப் பேசினார். “நான்தான் சாமி சாம்பல் பூசினேன். தண்ணியில குழைச்சு. அவன் கண்டுபிடிச்சான். வாயால ஊதி ஊதிக் கண்டுபிடிச்சான். என்னையக் காப்பாத்துறதா நெனச்சுக்கிட்டு ஊமையா நிக்கிறான், மடையன்!”

பிறகு லிம் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. தொப்பியால் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “என் அம்மா, புது வருஷத்துக்கு என் ரேடியோ தலையில ஊதுபத்தி கொளுத்தி வைப்பா. குமிழுக்குள்ள முழுக்கச் சாம்பல்! திருகினா கரகரன்னு கத்தும். நானும் அவகிட்ட ஒண்ணும் சொல்றதில்ல.”

கடையே சிரித்தது. ஆனால் லிம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு கதவு வழியாக வானத்தைப் பார்த்தார். ஒரு துண்டு மேகம் இல்லை.

“ஆனா, சரியாயிருச்சுன்னு எப்படித் தெரியும்? மழை வரல. ஈப்போ ஆள் பதிலுக்குக் காத்திருக்கான்.”

“ஊதிக் காட்டுறேன் தவுக்கே.”

“வாயால ஊதுறது மழை ஆகுமாலா?”

“மழைதானே வேணும்? இந்தா!” என்றார் அக்கா.

உள்ளே போனார். இரண்டு கையிலும் கரித்துணியைச் சுற்றிக்கொண்டு, கொதித்துக்கொண்டிருந்த சோற்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அலமாரிக்குக் கீழே பெஞ்சில் இறக்கினார். தட்டை நான் மறுபடி சுழலவிட்டேன். அக்கா மூடியை எடுத்தார்.

ஆவி குபீரென்று எழுந்தது. அலமாரி மறைந்தது. திறந்து கிடந்த டின் மறைந்தது. ஜமால் பாய் மறைந்தார். லிம்மின் மூக்குக் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. அவர் துடைக்கவில்லை. ஆவிக்குள் அப்படியே நின்றார். எங்கள் எல்லார் முகத்திலும் வியர்வை வழிந்தது. என் உடம்பிலிருந்த திருநீறு கரைந்து கோடு கோடாக இறங்கியது.

நாதஸ்வரம் மட்டும் கேட்டது. நீண்ட ஒரு பிடி. பிடி முடியும் இடத்தில் வாசிப்பவர் மூச்சை உள்ளே இழுக்கும் மெல்லிய சத்தம். தாளத்தின் சின்ன ‘ணிங்’. மறுபடி நாதஸ்வரம். நான் பொரியலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தட்டின் அந்தப் பக்கம் முடிந்து, ஊசி நடுவில் போய்ச் சுற்றும்வரை நின்றேன்.

வரவில்லை.

அண்டாவில் ஆவி அடங்கியது. லிம் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மாட்டிக்கொண்டார். தொப்பியைப் போட்டார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

“நாளைக்கு எட்டு மணிக்கு. சட்டை போட்டுட்டு வா.”

அவ்வளவுதான். போய்விட்டார். ஜமால் பாய் டீ கிளாஸை எங்கேயோ வைத்துவிட்டு என்னைத் தூக்கினார். யாரோ அக்காவைப் பார்த்து, “அக்கா, சோறு குழைஞ்சுருச்சு!” என்று கத்தினார்கள். “இன்னைக்குக் குழைஞ்ச சோறுதான், பிடிச்சா தின்னு!” என்று அக்கா அதைவிடச் சத்தமாகக் கத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினார். ஆவி என்று சொல்லிக்கொண்டார்.

எனக்கிருந்த ஒரே சட்டை தெம்பனிஸ் மணல் குழியோடு போயிருந்தது. அதை நான் சொன்னதும் பாய் சுங்கை ரோட்டுக்கு ஓடிப்போய் ஒரு பட்டாளத்துச் சட்டையைக் கொண்டுவந்தார். இரண்டு ஆள் நுழையலாம். கையை நாலு மடிப்பு மடித்தேன்.

திங்கட்கிழமை அந்தச் சட்டையோடு உள்ளே போனேன். எதையும் தூக்கவில்லை. நேராகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். லிம் சட்டையைப் பார்த்தார். பின்பக்கம் கழற்றிய ஒரு ரேடியோவை மேசைமேல் என் பக்கம் தள்ளிவிட்டு, தன் வேலைக்குத் திரும்பிக்கொண்டார்.

நான் சூட்டுக்கோலை மின்சாரத்தில் செருகினேன்.